வாய்க்கரிசிக்கு நாற்பது நிமிடம்

எத்தன நிமிசம்னு மட்டும் எங்கிட்ட யாரும் கேக்காதீங்க. மத்ததெல்லாம் சொல்றேன். மேடை எப்படி எரியுது, சாம்பல் எப்பக் கெடைக்கும், வாங்கறதுக்கு யாரு வரணும், எல்லாத்தையும் வாய் வலிக்கச் சொல்றேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் ஆளில்ல. ஆனா கேக்கறாங்களே! தெனம் ரெண்டு பேராவது அதக் கேக்கறதுக்குன்னே மயானத்து வாசல்ல வந்து நிக்கறாங்க.

எம்பேரு பாவாயி. எங்க ஊரு தகன மேடைய பதினோரு வருசமா நடத்தறவ. பொம்பளை மயானத்துல நிக்கறதான்னு மூக்கச் சுளிச்சவங்க எல்லாரும், அப்புறம் பாவாயி இருந்தா வேலை சுருக்கா முடியும்னு அவங்களே வந்தாங்க. நெசந்தான். என் வேலை சுருக்கான வேலை. எங்க பக்கத்துல வாய்க்கரிசிய வீட்டுல போடறதில்ல. தாடையச் சேத்துக் கட்டின வாய்க்கட்ட மயானத்துலதான் அவுப்போம். பங்காளி, சம்பந்தின்னு ஒவ்வொருத்தரா வந்து ஒரு பிடி பச்சரிசிய வாயில போடுவாங்க. போட்டு முடிச்சதும் தட்டு உள்ள போகும், கதவு விழும், நான் பட்டன அமுக்குவேன். மொத அரிசி விழுந்ததுல இருந்து பட்டன் வரைக்கும் ஆறு நிமிசம். இத்தன சுருக்கா முடிக்கற மேடை சுத்துவட்டாரத்துலயே இல்லைன்னு ஒரு சுதந்திர தினத்துல எனக்கு சால்வை போத்துனாங்க. நானும் பல்லக் காட்டிக்கிட்டு போட்டோவுக்கு நின்னேன்.

எம்புருசன் சீரங்கனையும் நான்தான் எரிச்சேன். அவருக்கு ஆறு நிமிசம் கூட இல்ல. நாலு நிமிசம். அத்தன சனத்துக்கு முன்னால கத்தி அழுதுருவேனோன்னு பயந்து அவசரமா அமுக்கிட்டேன். அந்த நாலு நிமிசந்தான் இன்னைக்கு வரைக்கும் என்னத் தின்னுக்கிட்டு இருக்குது.

வெவரமாச் சொல்றேன், கேளுங்க.

சமையலுக்கு கேஸ் கெடைக்காமப் போன வருசம் நெனப்பிருக்கும். அடுப்புக்கு இல்லாத கேஸ் என் மேடைக்கு மட்டும் ஒழுங்கா வந்துச்சு, அதை என்னான்னு சொல்றது! அப்பத்தான் ஒரு கம்பெனிக்காரங்க அன்னச் சொட்டுன்னு ஒண்ணக் கொண்டாந்தாங்க. நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு, ஒரே ஒரு தடவை. அப்புறம் ஆயுசுக்கும் சோறு வடிக்க வேண்டியதில்ல. பச்சரிசிய வாயில போட்டா அஞ்சு நிமிசத்துல இனிச்சுக்கிட்டுக் கரைஞ்சுரும். பச்சை மரவள்ளிக் கெழங்கக் கூட தோல உரிச்சுட்டு அப்படியே திங்கலாம். ஒரு நாளைக்கு மூணு பிடி போதும், முழு வேலையும் பாக்கலாம், பசிங்கறதே தெரியாதுன்னு சொன்னாங்க.

வசதியானவங்க போட்டுக்குவாங்களா? அவங்க வீட்டுல கரண்ட் அடுப்பு இருந்துச்சு. போட்டுக்கிட்டவங்க எல்லாம் எங்க சனந்தான். எங்க ஊரச் சுத்தி மரவள்ளிக் கெழங்குல இருந்து ஜவ்வரிசி எடுக்கற ஆலைங்க. சேகோ பேக்டரின்னு சொல்லுவோம். மொத முகாம் அங்கதான் நடந்துச்சு. எம்புருசன் சீரங்கன் அங்க மூட்டை தூக்கறவரு. அவரும் அவரு தம்பி மாரப்பனும் ஒரே வரிசையில முன்னப்பின்ன நின்னு போட்டுக்கிட்டு வந்தாங்க. நான் போட்டுக்கல. எனக்கு சூடா ஒரு வாய் ரசஞ்சோறு இல்லாம தூக்கம் வராது. "நாக்குக்கு அடிமை"ன்னு என்னக் கேலி பண்ணுவாரு அந்த மனுசன்.

பசி தெரியாதுன்னு சொன்னாங்களே, அதுதான் வினை. பசிச்சாத்தான திங்கறதுக்கு நெனப்பு வரும்? லாரி வரிசையா நின்னா ரெண்டு நாளைக்குக் கூட ஒண்ணும் வாயில போடாம மூட்டை தூக்குவாங்க. முதலாளிக்குக் கொண்டாட்டம். இவங்களுக்கும் அதுல ஒரு பெருமை. போன வருசம் ஆடி மாசம், ரெண்டு நாள் அப்படித் தூக்கிட்டு மூணாம் நாள் காலையில எம்புருசன் மூட்டையோட சாஞ்சாரு. ஆலை டாக்டர் நாடி புடிச்சுப் பாத்துட்டு மாரடைப்புன்னு எழுதிக் குடுத்தாரு. மத்தியானம் எங்கிட்ட வந்துட்டாரு. மொத பிடி அரிசி நான் போட்டேன். ரெண்டாவது மாரப்பன்.

அது ஆடியா? ஆறு மாசம் கழிச்சு தை மாசத்துல பழனியாயி வந்தா.

அவளும் ஆலைக்காரிதான், கெழங்கு உரிக்கறவ. அம்பது வயசு இருக்கும். சொந்தக்காரங்க அரிசி போட்டு முடிச்சுட்டாங்க. நான் பட்டன அமுக்கறேன், மேடை பத்திக்கல. அன்னைக்கு கேஸ் லாரி வரலையாம். தட்ட மறுபடி வெளிய இழுத்து வெச்சேன். "ஒரு மணி நேரம் ஆகும் சாமி, டீ குடிச்சுட்டு வாங்க"ன்னு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நான் மட்டும் உள்ள உக்காந்திருந்தேன். ஓரவாயில பாகு மாதிரி ஒழுகி எறும்பு வந்துருச்சு. சொட்டுக்காரங்க வாயி அப்படித்தான், செத்த பொறவும் அரிசியக் கரைக்கும், அது எனக்குப் பழக்கம். துணிய எடுத்துத் தொடைக்கப் போனேன்.

தொண்டை அசைஞ்சுது. மடக்குன்னு ஒரு வாய் முழுங்குனா.

அடி ஆத்தி! பதினோரு வருசத்துல பொணத்துக்குப் பயப்படாதவ, அன்னைக்கு வேலி தாண்டிப் போயி ரோட்டுல விழுந்தேன். நான் திரும்பி வர்றப்ப அவ கண்ணத் தொறந்து கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தா. மெதுவா மெல்லவும் ஆரம்பிச்சுட்டா.

அதுக்கப்புறம் ஊரே ரெண்டு பட்டுச்சு. டிவிக்காரங்க வந்தாங்க, கம்பெனிக்காரங்க ராவோட ராவா ஆபீசப் பூட்டிட்டுப் போனாங்க. விசாரணைக்கு டாக்டர் நிலோஃபர்னு ஒரு அம்மா அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். என்னக் கூப்பிட்டு உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டாங்க. நானும் கேட்டேன்.

"செத்தவ எப்படிங்கம்மா எந்திரிச்சா?"

"சாகவே இல்ல பாவாயிம்மா. நம்ம உடம்புல ஒரு கிடங்கு இருக்கு. தின்ன மாவுச்சத்துல மிஞ்சினத கிளைக்கோஜன்னு ஈரல்லயும் சதையிலயும் உடம்பு சேத்து வெச்சுக்கும். பசிக்கற நேரத்துல நொதின்னு ஒண்ணு போய் அதைத் துண்டு துண்டா வெட்டி, சர்க்கரையா ரத்தத்துல விடும். அன்னச் சொட்டு ரெண்டு வேலை செய்யுது. வாயில பச்சை மாவையே வெட்டற புது நொதி ஒண்ண உண்டாக்குது. கிடங்குல இருக்கற பழைய நொதிய சிக்கனக்காரனா ஆக்குது. அதனாலதான் பசி தெரியறதில்ல."

"நல்லதுதானுங்களே?"

"சாப்பிட்டா நல்லது. ரெண்டு மூணு நாள் ஒண்ணுமே சாப்பிடலைன்னா அந்தச் சிக்கனக்காரன் கிடங்கையே பூட்டிடறான். மூளைக்கு மட்டும் துளித் துளியா விடறான். உடம்பு சில்லுன்னு ஆயிடும். இருதயம் எப்பவாவது ஒரு தடவை துடிக்கும். நாங்க மிஷின் வெச்சுப் பாக்கறது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துல துடிக்காது. செத்துட்டாங்கன்னு எழுதிடறோம்."

"பூட்டு எப்படித் தொறக்கும்?"

டாக்டரம்மா மேசை மேல இருந்த பேனாவ மூடி மூடித் தொறந்தாங்க.

"ஊசியில சர்க்கரை ஏத்தினா இவங்க உடம்பு தாங்காது. வாய் வழியா, அந்த நொதி வெட்டின சர்க்கரையா, கொஞ்சம் கொஞ்சமா இறங்கினாத்தான் திறக்கும். அதுக்கு வேண்டியது ஒரு பிடி பச்சரிசி. போட்டா முப்பது, நாப்பது நிமிஷத்துல முழிச்சுடுவாங்க."

கடைசியா வழியனுப்பறதுக்குன்னு நாம போட்ட அரிசி, எழுப்பறதுக்கான மருந்தாம். மருந்தையும் ஊட்டிவிட்டு, வேலை செய்யறதுக்கு முன்னாடி எரிச்சிருக்கோம். எரிச்சிருக்கோம் என்ன, எரிச்சிருக்கேன். சொட்டு வந்த ரெண்டு வருசத்துல எங்கையால நூத்தி முப்பது சொட்டுக்காரங்க போயிருக்காங்க. ஆறு ஆறு நிமிசமா.

"எம்புருசனும் சொட்டுக்காரருங்க"ன்னேன். நாலே நிமிசத்துல எரிச்சதையும் சொன்னேன்.

எந்த ஆலை, எந்த முகாம்னு கேட்டாங்க. சொன்னேன். கம்ப்யூட்டர்ல எதையோ பாத்தாங்க. "மொத முகாமா? அப்ப பயப்படாதீங்க. மொத முகாம்ல போட்ட மருந்துல இந்தக் கோளாறு கிடையாது. அதுக்கப்புறம் மாத்தினாங்க, அதுலதான் வந்தது. உங்க வீட்டுக்காரருக்கு நெசமாவே மாரடைப்புதான்"னு சொன்னாங்க.

அந்தம்மா காலத் தொட்டுக் கும்பிட்டேன். வேணாம் வேணாம்னு பதறி எந்திரிச்சாங்க. வீட்டுக்கு வந்து மாரப்பனுக்கும் அவன் பொண்டாட்டி கோமளாவுக்கும் அதையே சொன்னேன். அன்னைக்குத்தான் ரசஞ்சோறு உள்ள எறங்குச்சு.

புதுச் சட்டம் போட்டாங்க. வாய்க்கரிசி போட்ட பொறவு ஒரு மணி நேரம் காத்திருக்கணும். எங்க மேடையில பெரிய கடியாரம் ஒண்ணு மாட்டுனாங்க. அந்த ஒரு மணி நேரம் இருக்குதே, சாவு வீட்டு ஒப்பாரியெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமில்ல. மொத்தக் கூட்டமும் ஒரு வாயையே பாத்துக்கிட்டு மூச்சு விடாம நிக்கும். சித்திரைக்குள்ள மூணு பேரு முழிச்சாங்க. மத்தவங்க முழிக்கல. ஒவ்வொருத்தரு முழிக்கறப்பவும் முன்னாடி எரிச்சுட்டுப் போன குடும்பமெல்லாம் எங்கிட்ட ஓடி வருவாங்க. எங்கப்பாருக்கு எத்தன நிமிசம்க்கா? எம்பொண்ணுக்கு எத்தன நிமிசம் தாயி?

டெய்லர் குப்புராசு தெனம் வந்தாரு. இருவத்திரெண்டு வயசு மவள என் மேடையில வெச்சுட்டுப் போனவரு. "நெசத்தச் சொல்லு பாவாயி, நான் தாங்கிக்கறேன்"னாரு. தாங்கற மூஞ்சியா அது?

"அண்ணா, எனக்கு நல்லா நெனப்பிருக்கு. உம்மவ வாயில அரிசி வெள்ளை வெளேர்னு அப்படியே கெடந்துச்சு, ஒத்த அரிசி கூடக் கரையல. உசுரு இருந்திருந்தா கரைஞ்சிருக்கும்"னேன்.

சுத்தப் பொய். செத்த வாயிலயும் கரையும், நான்தான் எத்தன தடவை பாத்திருக்கேன். முழுங்கறதுதான் அடையாளம், அதுக்கு நான் எங்க நேரம் குடுத்தேன்? ஆனா அந்த மனுசன் மூஞ்சி தெளிஞ்சுது. அதுக்கப்புறம் எல்லாருக்கும் அதையே சொன்னேன். நூத்தி முப்பது குடும்பத்துக்கும் பாவாயிதான் சாட்சி. எனக்கு மட்டும் பொய் தேவைப்படல, எனக்குத்தான் டாக்டரம்மா சொன்ன நெசம் இருந்துச்சே.

போன ஐப்பசியில, ஒரு வியாழக்கெழமை காலையில, கோமளா போன் பண்ணுனா. தீபாவளிக்கு லாரிங்க முட்டிக்கிட்டு நின்னதுல மாரப்பன் மூணு நாளா எதுவும் திங்காம மூட்டை ஏத்தியிருக்கான். அண்ணன் விழுந்த அதே எடத்துல விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில பாத்துட்டு, இறப்புன்னும், ஆனா அரிசி வெச்சு ஒரு மணி நேரம் பாக்கணும்னும் எழுதி அனுப்பிட்டாங்க.

கொண்டாந்து தட்டுல படுக்க வெச்சாங்க. வாய்க்கட்ட நான்தான் அவுத்தேன். அண்ணன் மூக்கு அவனுக்கும் அப்படியே. கோமளா எங்கையில அரிசியத் திணிச்சா.

"நீங்களே போடுங்கக்கா."

போட்டேன். மணி பதினொண்ணு பத்து.

கோமளாவோட மாமன் காளியண்ணன் முன்னால வந்தாரு. "மொத முகாம்காரங்களுக்கு அந்தக் கோளாறு இல்லைன்னு நீதான பாவாயி சொன்ன? அப்புறம் எதுக்கு இந்தக் கண்றாவி? புள்ள கெடந்து துடிக்கறா. பட்டன அமுக்கிரு, நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம்"னாரு.

கூட்டத்துல எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. கோமளா கூட, "இனி எதுக்குக்கா"ன்னு அழுதா. அவளுக்கு நம்பிக்கை இருந்தாத்தான? நம்பிக்கைய எடுத்துட்டவளே நான்தானே.

எங்கை பட்டன்கிட்டப் போச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்கு, போச்சுதான். ஏன்னா எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அண்ணனும் தம்பியும் ஒரே நாளு, ஒரே வரிசை, ஒரே சொட்டு. இவன் முழிச்சான்னா டாக்டரம்மா சொன்னது தப்பு. இவன் முழிச்சான்னா, அந்த நாலு நிமிசத்துக்கு அப்புறம் உள்ள எம்புருசன் உசுரோட இருந்திருக்காரு. இப்ப அமுக்கிட்டா அது யாருக்கும் தெரியாது. எனக்குமே தெரியாது.

"எல்லாரும் வெளிய போங்க. சட்டம்னா சட்டந்தான்"னு கத்துனேன். காளியண்ணன் முணுமுணுத்துக்கிட்டே கோமளாவக் கூட்டிக்கிட்டுப் போனாரு.

ஸ்டூலப் போட்டு அவன் தலைமாட்டுல உக்காந்தேன். பத்து நிமிசம், இருவது நிமிசம். நான் என்ன வேண்டுனேன்னு கேக்கறீங்களா? மாரப்பா, எந்திரிக்காதடான்னு வேண்டுனேன். நான் தூக்கி வளத்தவன், நான் கல்யாணம் ஆகி வந்தப்ப அவனுக்கு எட்டு வயசு. அவன் சாகணும்னு தலைமாட்டுல உக்காந்து வேண்டிக்கிட்டேன். என் மாதிரி ஒரு பாவி இருப்பாளா சொல்லுங்க.

முப்பத்தெட்டாவது நிமிசம் தொண்டை அசைஞ்சுது.

வெளிய யாருக்கும் தெரியல. நான் ஒருத்திதான் பாத்தேன். அசையவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மறுக்கா அசைஞ்சுது. எனக்கு என்ன ஆச்சோ, "கோமளா! ஓடியாடி! உம்புருசன் முழுங்கறான்டீ!"ன்னு நான் போட்ட சத்தத்துல வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துருச்சு.

அழறாங்க, சிரிக்கறாங்க, ஒருத்தரு மேல ஒருத்தரு விழறாங்க. காளியண்ணன் தரையில உக்காந்து தலையில தலையில அடிச்சுக்கறாரு. போன் போட்ட கால் மணி நேரத்துல டாக்டரம்மா வந்துட்டாங்க. மாரப்பன் கண்ணத் தொறந்துட்டான். அவங்க நாடி புடிச்சுப் பாத்துட்டு, "இன்னும் ஆபத்து தாண்டல. ஒரு மணி நேரத்துக்கு இவர் முழுங்கிட்டே இருக்கணும். நிறுத்தினா மறுபடி பூட்டிக்கும், அப்புறம் திறக்காது"ன்னு கோமளா கையில அரிசியக் குடுத்தாங்க.

நான் அந்தம்மா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு கடியாரத்துக்குக் கீழ கொண்டு போய் நிறுத்துனேன்.

"இவன் மொத முகாமுங்கம்மா."

அவங்க என் மூஞ்சியப் பாக்கல.

"மொத முகாம்ல கோளாறு இல்லைன்னு சொன்னீங்க."

"எல்லாம் ஒரே மருந்துதான் பாவாயிம்மா. மொத, ரெண்டாவதுன்னு ஒண்ணும் கிடையாது. அன்னைக்கு நீங்க உக்காந்திருந்த நிலைமையில எனக்கு வேற ஒண்ணும் சொல்ல வரல. வீட்டுக்குப் போய் என்ன செஞ்சுக்குவீங்களோன்னு பயமா இருந்தது"ன்னாங்க. அவங்க கண்ணுல தண்ணி. "அவருக்கு நெசமாவே மாரடைப்பா, இல்லையான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. அதுதான் உண்மை."

நான் திட்டல. எப்படித் திட்டறது? குப்புராசுக்கு நான் செஞ்சதத்தான் அவங்க எனக்குச் செஞ்சிருக்காங்க. அந்தப் பொய்யால ஒம்பது மாசம் நான் சோறு தின்னேன், தூங்குனேன். ஆனா அங்க நின்னப்ப நாலு நிமிசம், நாலு நிமிசம்னு மண்டைக்குள்ள அதேதான் ஓடுது. உள்ள முழிச்சிருப்பாரா? என்னைக் கூப்பிட்டிருப்பாரா? கதவு கனத்த இரும்பு, ஒரு சத்தமும் வெளிய வராது. நான் இந்தப் பக்கம் முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டு நின்னேனே, சாமி.

"அக்கா! இவரப் பாருங்க"ன்னு கோமளா அலறுனா.

ஓடுனேன். மாரப்பன் வாயில இருந்த அரிசிய அப்படியே துப்பிட்டுக் கெடந்தான். இன்னொரு பிடி வெச்சா பல்ல இறுக்கிக்கறான். கண்ணுல இருந்து காதுக்குத் தண்ணி ஓடுது. அவனுக்கும் புரிஞ்சு போச்சு. அண்ணனுக்கு ரெண்டாவது பிடி அரிசி போட்டவன் அவன்தானே.

"அண்ணன்..."னான். குரல் கெணத்துக்குள்ள இருந்து வந்துச்சு. "அண்ணனும் அப்ப உசுரோட... அண்ணி, நான் திங்க மாட்டேன் அண்ணி. நான் எப்படித் திங்கறது?"

அவன் கை சில்லுன்னு ஆக ஆரம்பிச்சுது. டாக்டரம்மா நாடியப் புடிச்சுக்கிட்டு என்னப் பாக்கறாங்க. கோமளா என்னப் பாக்கறா. நான் அரிசியக் கையில அள்ளிக்கிட்டு அவன் தலைய எம்மடியில எடுத்து வெச்சேன்.

"யாருடா சொன்னது உனக்கு? உங்கண்ணனுக்கு நெஞ்சு வெடிச்சுடா போச்சு"ன்னேன். "டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்க, ஆலையில எடுத்த ரத்தத்த இப்ப சோதிச்சுப் பாத்தாங்களாம், அதுல தெளிவா இருக்குதாம். நீயே கேளு அவங்கள."

டாக்டரம்மா புடிச்ச நாடிய விடாம, "ஆமா மாரப்பன். மாரடைப்புதான். சந்தேகமே இல்ல"ன்னாங்க.

"நெசமாவா அண்ணி?"

"நான் பக்கத்துலயே நின்னேன்டா. எனக்குத் தெரியாதா? வாயத் தொற."

தொறந்தான். அரிசிய வெச்சேன். அது கரையற வரைக்கும் எங்கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தான். நானும் கண்ண எடுக்கல.

"முழுங்கு"ன்னேன்.

முழுங்கிட்டான்.